விமானியின் பெருவிரல்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில், தீயில் வெந்த கைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு புது அறை திறந்திருக்கிறார்கள். எல்லாம் கரண்டில் ஓடும் கருவிகள். விரலை வைத்துவிட்டால் போதும், அதுவே மடக்கும், அதுவே நீட்டும். திறப்பு விழாவுக்குப் பழைய ஆட்களைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை கிடக்கட்டும், முதலில் கருவியைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார்கள். நல்ல கருவிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

அங்கே இருந்த சின்ன நர்ஸ் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், யுத்த காலத்துல நீங்க ஒரு ஃபைட்டர் பைலட்டுக்குக் கையைச் சரி பண்ணுனீங்களாமே. மெடல் வாங்குனவராமே. விழா மலருக்கு எழுதிக் குடுங்க மேடம்" என்றாள். எண்பதைத் தாண்டியாயிற்று. அவர் இல்லை, அவர் தாயார் இல்லை, எங்கள் மேஜரும் இல்லை. இனிமேல் யாருக்குப் பயந்து எதை மறைக்கப் போகிறேன்? முழுவதையும் எழுதுகிறேன். வேண்டாததை அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

எனக்குச் சொந்த ஊர் சுரண்டை. அப்பா சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நர்ஸ் வேலைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆனது. கண்டவன் உடம்பைத் தொடும் வேலை என்று அத்தை அழுதாள். அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போய்ப் படித்தேன். படிப்பை முடிக்கும்போது யுத்தம் உச்சத்தில் இருந்தது. குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் திறக்கும் ஒரு பெரிய பங்களாவை ராணுவம் எடுத்து, காயம்பட்ட அதிகாரிகள் தேறிக்கொள்ளும் இடமாக மாற்றியிருந்தது. அங்கே ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

அங்கே எங்களுக்கு மேலதிகாரி மேஜர் தாமஸ். கொட்டாரக்கரைக்காரர். கோபம் வந்தால் மலையாளம், சந்தோஷம் வந்தால் இங்கிலீஷ், மற்ற நேரமெல்லாம் தமிழ் பேசுவார். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் தம் இரண்டு கைகளையும் கரியடுப்பின் மேல் காட்டிச் சூடாக்கிக்கொள்வார். கட்டிலில் இருப்பவரைவிடத் தாழ்வாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து, "கையை எடுத்துக்கிடட்டா?" என்று அனுமதி கேட்டபிறகுதான் எடுப்பார். சரியாகிவிடும் என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. ஒருநாள் ஒரு கேப்டனிடம் நான், "வலிக்குதா சார்?" என்று கேட்டுவிட்டேன். மேஜர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"கோமதி, வேதனை உண்டான்னு கேக்கண்டா. உண்டு. அது நமக்கு அறியாம். எவிடன்னு கேளு."

வலி உண்டா என்று கேட்காதே, எங்கே என்று கேள். அதன்பிறகு வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் எங்கே என்றுதான் கேட்டேன்.

அந்த வருஷம் சாரல் நன்றாக இறங்கியிருந்த சமயத்தில், தென்காசி ஸ்டேஷனிலிருந்து ஒரு வண்டியில் அந்த பைலட்டைக் கொண்டுவந்தார்கள். பெயர் சங்கரபாண்டியன். இலஞ்சிக்காரர், நஞ்சையும் தோப்புமாக வாழ்ந்த குடும்பத்தின் ஒற்றைப் பிள்ளை. அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். சிறு பையனாக இருந்தபோது, இடி விழுந்து பிளந்து நின்ற தென்காசிக் கோபுரத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் நின்று ஊரையே கூட்டியவராம். மெட்ராஸில் காலேஜுக்குப் போனவர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். யுத்தம் வந்ததும் விமானப்படையில் சேர்ந்தார். ஹரிக்கேன் என்று ஒற்றை ஆள் சண்டை விமானம். பர்மா எல்லையில் பறந்தார். வலது கையில் பெரிய கட்டு, நெஞ்சில் ஊதாவும் வெள்ளையுமாய்ச் சாய்கோடு போட்ட ரிப்பன். சண்டை விமானிகளுக்குத் தரும் வீரப் பதக்கத்தின் ரிப்பன் அது.

பதக்கம் எதற்கு என்று கேட்டால் சொல்ல மாட்டார். கொஞ்சம் கொஞ்சமாக, கை என் மடியில் இருக்கும் நேரங்களில், கதை வெளியே வந்தது. எதிரியின் லாரிகள் எங்கே பதுங்கியிருக்கின்றன என்று பார்த்து வர அனுப்பியிருந்தார்கள். பார்த்துவிட்டார். திரும்பும்போது கீழேயிருந்து சுட்டதில் விமானத்துக்குள் தீப் பிடித்தது. புழுக்கம் தாங்காமல் வலது கை உறையை அன்றைக்குக் கழற்றி வைத்திருந்திருக்கிறார்.

"தீ கொஞ்ச நேரத்துல அதுவா அணைஞ்சிட்டு சிஸ்டர். கையை எடுக்கப் பாத்தேன், வரல. ஓட்டுற பிடியோட ஒட்டிக்கிட்டு. சரி, ஒட்டுனா ஒட்டட்டும்னு அப்படியே ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். ரேடியோ செத்துப்போச்சு. நேர்ல போய்ச் சொன்னாத்தான் உண்டு."

இறங்கி, லாரிகள் நின்ற இடத்தை வரைபடத்தில் இடது கையால் காட்டிவிட்டு மயங்கி விழுந்தாராம். பதக்கத்தை ஆஸ்பத்திரியில் வைத்தே குத்தியிருக்கிறார்கள். அதில் அவருக்கு ஒரே வருத்தம்தான். "சல்யூட் அடிக்க முடியல. இடது கையால அடிக்கப்பிடாது. மரம் மாதிரி நின்னேன்" என்றார்.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி அனுப்பியிருந்தார்கள். தோல் பிடித்துவிட்டது. ஆனால் விரல்கள் விறைத்துக் கிடந்தன. மற்ற நான்கும் கொஞ்சம் அசைந்தன, பெருவிரல் அசையவே இல்லை. ஹரிக்கேனின் பிடி மேலே வளையமாக இருக்குமாம். வலது கையால் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, பெருவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் துப்பாக்கி சுடும். பெருவிரல் அசையாத ஆளைத் திரும்ப அனுப்ப மாட்டார்கள். மேஜர் பரிசோதித்து முடித்ததும் சங்கரபாண்டியன் சார் கேட்டார்.

"திரும்பப் பறப்பேனா டாக்டர்?"

"தெரியாது. கோமதியும் நீங்களும்தான் சொல்லணும்."

இப்படித்தான் அந்தக் கை என்னிடம் வந்தது.

காலையில் மெழுகு உருக்குவேன். என் முழங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்த பிறகு அவர் கையை முக்கி எடுப்பேன். ஆறியதும் இன்னொரு முறை, அதன்மேல் இன்னொரு முறை. மெழுகு கையுறை மாதிரிப் படிந்ததும் கம்பளித் துணியால் சுற்றி வைப்பேன். பிறகு உரித்தால் உள்ளே தோல் இளகிச் சிவந்து இருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் ஒவ்வொரு மூட்டாக மடக்க வேண்டும். மூட்டுக்கு மேலே ஒரு கையால் அசையாமல் பிடித்து, கீழே மறு கையால் மெல்ல அழுத்தி, இனிப் போகாது என்ற இடத்தில் நிறுத்தி, அங்கே இருந்து ஒரு நெல்லளவு போக வேண்டும். அந்த நெல்லளவுக்குத்தான் இத்தனை பாடும். அவர் கத்த மாட்டார். ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்ப்பார். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேகம் பாய்ந்து வரும்போது, "இந்த உயரத்துக்குக் கீழ பூந்து போயிரலாம் சிஸ்டர், அந்தப் பக்கம் புனலூர்ல வெளிய வந்திரலாம்" என்று எனக்கு வழி சொல்வார். நான் எங்கே போகப் போகிறேன்? தலையாட்டுவேன்.

மத்தியானம் பல்லாங்குழி. வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த பலகை. புளியங்கொட்டையைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு வாரம் ஒரு கொட்டைகூட எடுக்க வரவில்லை. பதக்கம் வாங்கின மனுஷன் புளியங்கொட்டையிடம் தோற்றுப்போய் பலகையைத் தட்டிவிட்டார். "பொறுக்குங்க சார், அதுவும் பயிற்சிதான்" என்றேன். முறைத்தார். பொறுக்கினார்.

பொத்தானுக்கு என்ன செய்வது என்று யோசித்து, பிரம்பை வளைத்து ஒரு வளையம் கட்டி, தென்காசி சைக்கிள் கடையில் ஒரு மணி வாங்கி வந்து அதில் முடுக்கினேன். பெருவிரலுக்குப் பலம் வந்தால் மணி அடிக்கும். மேஜர் அதைப் பார்த்துவிட்டு "பிரில்லியண்ட்" என்றார். இங்கிலீஷ் வந்துவிட்டது, அப்படியென்றால் சந்தோஷம்.

அவருடைய தாயார் வேலம்மாள் ஆச்சி தினமும் இலஞ்சியிலிருந்து வில்வண்டியில் சாப்பாடு கொண்டுவருவாள். பிள்ளைக்கு மட்டுமல்ல, எங்கள் எல்லாருக்கும். ஆச்சிக்கு முதலில் ஒரே பிடிவாதம்தான். எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்கவைத்தால் கை தன்னால் சரியாகும் என்றாள். ஒட்டின தோல்மேல் அருவி விழுந்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று மேஜர் முக்காலியில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். "உலகம் பூராவும் இங்கன வந்து குளிச்சுத் தேறிட்டுப் போகுது. உள்ளூர்ப் பிள்ளைக்கு மட்டும் ஆகாதாக்கும்" என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

மணி இன்னும் அடிக்காத நாட்களில் ஒரு மத்தியானம், பங்களாவின் பின்பக்கம் நான் மெழுகுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஆச்சி பக்கத்தில் வந்து குத்தவைத்தாள்.

"கோமதி, ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்காத."

"சொல்லுங்க ஆச்சி."

"கை நல்லாகணும். சோத்தைப் பிசைஞ்சு திங்க வரணும், கையெழுத்துப் போட வரணும். அதெல்லாம் வரட்டும். அந்தப் பெருவிரல் மட்டும் கொஞ்சம் மடங்காமக் கிடக்கட்டுமே. விட்டிரு தாயி."

"அது அவரு கை ஆச்சி. நான் யாரு விட?" என்றேன்.

"அவன் கை எங்கன உருவாச்சு? என் வயித்துலதான? எனக்குக் கேக்க உரிமை இல்லையா? இவன் போனா இந்தத் தடவை வர மாட்டான். எனக்குத் தெரியும்."

ஆச்சி அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். எனக்கு அவள் கேட்டது தப்பாகவே தோன்றவில்லை என்பதுதான் விஷயம். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுத எண்பது வயது ஆக வேண்டியிருந்தது. எனக்கு அவர்மேல் ஆசை. கை சரியானால் போய்விடுவார், ஆகாவிட்டால் இலஞ்சியில் இருப்பார், எங்காவது தென்காசிக் கடைத்தெருவிலாவது பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் என் கணக்கு. அதற்கு மேலே நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் குடும்பம் என்ன, பலசரக்குக் கடைக்காரர் மகள் என்ன.

நான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. அந்த நெல்லளவு போகாமல் இருந்தால் போதும். யாருக்கும் தெரியாது, மேஜருக்கே தெரியாது.

மறுநாள் காலை மெழுகை உரித்துப் பெருவிரலைப் பிடித்தேன். பிடித்தபடியே சும்மா இருந்தேன். அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"என்ன சிஸ்டர், இன்னைக்கு அழுத்தக் காணோம்? பயப்படாதீங்க. நேத்து இன்னும் கொஞ்சம் போச்சுல்லா? வானத்துல மேல இருக்கும்போதுதான் நான் நானா இருக்கேன். கீழ கிடக்கிறது வேற எவனோ."

அதை அவர் கெஞ்சலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். என் மடியில் கிடந்த கை யாருடையது என்று அப்போது தெரிந்துவிட்டது. அழுத்தினேன். எங்கே என்று கேட்டேன். அடி மூட்டு என்றார். இன்னும் அழுத்தினேன்.

மணி அடித்தது ஆவணி மாசம். காலையில் பயிற்சி நடக்கும்போது சும்மா பிடித்திருந்தவர் அழுத்திவிட்டார். டிரிங் என்று ஒரே ஒரு தடவை. அறையில் இருந்த அதிகாரிகள் எல்லாம் கட்டிலைத் தட்டினார்கள். அவர் சின்னப் பையன் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தார். நான் ஏதோ எடுப்பதுபோல வெளியே வந்தேன். தூக்குச்சட்டியோடு வண்டியிலிருந்து இறங்கிய ஆச்சி, முற்றத்தில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டாள். அதன்பிறகு சாப்பாடு வந்தது, ஆச்சி என்னோடு பேசுவது நின்றது. எல்லாருக்கும் கொழுக்கட்டை வந்தால் எனக்கு மட்டும் எண்ணிக்கை குறையும்.

திரும்பப் பறக்கலாமா என்று பார்க்க மெட்ராஸில் மெடிக்கல் போர்டு. பரிசோதித்த டாக்டர் தம் இரண்டு விரல்களை அவர் உள்ளங்கையில் கொடுத்து இறுக்கச் சொன்னாராம். இறுக்கியதில் போதும் போதும் என்று சொல்ல வேண்டியதாயிற்றாம். பாஸ். திரும்பி வந்து மேஜருக்கு நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் அடித்தார், வலது கையால். மேஜர் அந்தக் கையைக் கடைசியாக ஒரு தடவை வாங்கிப் பார்த்தார். பெருவிரல் நுனியை ஒவ்வொரு விரல் நுனியோடும் சேர்த்துக் காட்டச் சொன்னார். ஆள்காட்டி விரலோடு மட்டும் கூடியது. அதிலும் பிடி தளர்வு.

"பிளேனுக்கு இது மதி. நுணுக்கமான வேலைக்குப் போரா" என்றார். விமானத்துக்குப் போதும், நுணுக்கமான வேலைக்குப் போதாது.

"துப்பாக்கிதான் டாக்டர் சுடப் போறேன், பூ கட்டவா போறேன்" என்று சிரித்தார் சார்.

கிளம்பும்போது எனக்குச் சொன்னது, "வாரேன் சிஸ்டர்." வேறு ஒன்றும் இல்லை. எதை எதிர்பார்த்தேன் என்றும் தெரியவில்லை. அவர் போன பிறகு மெழுகுச் சட்டியைக் கழுவிக் காயவைக்கக்கூட நேரமில்லாமல் பத்து வேலை இருந்தும், எனக்கு அந்தக் காலை நேரம் மட்டும் காலியாகக் கிடந்தது. குற்றாலத்தில் எந்தத் தந்திக்காரனுடைய சைக்கிளைப் பார்த்தாலும் அது இலஞ்சிப் பக்கம் திரும்புகிறதா என்று நின்று பார்ப்பேன். மேஜருக்கு அவ்வப்போது எழுதுவார். கடைசி வரியில் சிஸ்டருக்கு வணக்கம் சொல்லவும் என்று இருக்கும். மேஜர் சொல்வார். நான் "சரி சார்" என்பேன்.

அவர் யுத்தத்தில் செத்துப்போகவில்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் எனக்கு யார் அப்போது சொன்னார்கள்? பர்மா முடியும்வரை பறந்தார், அதே பதக்கம் இரண்டாம் தடவை கிடைத்ததற்கு அடையாளமாக ரிப்பன்மேல் குத்தும் பட்டையும் வாங்கினார், யுத்தம் முடிந்து முழுசாக ஊருக்கு வந்தார். பங்களாவை அதற்குள் மூடிவிட்டார்கள். நான் தென்காசி ஆஸ்பத்திரியில் இருந்தேன். மார்கழி மாசம் ஒருநாள் ஆச்சி அங்கே வந்து வராண்டாவில் நின்றாள். வெகுகாலத்துக்குப் பிறகு பேச்சு.

"நல்லா இருக்கியா ஏட்டி?"

"இருக்கேன் ஆச்சி."

"அவனுக்குத் தை மாசம் முகூர்த்தம் வச்சிருக்கு. அம்பாசமுத்திரத்துப் பொண்ணு." கொஞ்சம் நிறுத்தினாள். "பிளேன் ஓட்டுதான், சுடுதான். சட்டைப் பொத்தான் போட வர மாட்டேங்கு. கூட ஒருத்தன் இருந்து போட்டுவிடுதான். தாலி முடிச்சை எப்படிப் போடுவான்? மத்த வீட்டுல கூடப் பிறந்தவ முடிஞ்சிருவா. எங்க வீட்டு வழக்கத்துக்கு மூணு முடிச்சும் மாப்பிள்ளைதான் போடணும். அவிழ்ந்து விழுந்தா சபையில என்ன பேச்சு வரும்? நீதான் வரணும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். லீவு இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். மேஜர் போதாது என்று விட்ட வேலை அது, என் வேலையில் பாக்கி. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்தக் கையை இன்னொரு தடவை பிடிக்கக் கிடைக்கிறதே என்றுதான் போனேன்.

இலஞ்சி வீட்டில் பித்தளைக் குடம் ஒன்றை எடுத்து, கழுத்தில் வெள்ளை நூல் கட்டிப் பழக்கினேன். காலையில் மெழுகு, பிறகு நூல். நூல் வழுக்கும், முடிச்சு பாதியில் அவிழும், அவர் பல்லைக் கடிப்பார். குடத்தில் முடிச்சு வந்த பிறகு இன்னொரு தொல்லை. தாலி கட்டும் மணவடையில் மாலையும் கூந்தலும் பூவும் மறைக்கும், விரல் கண்ணுக்குத் தெரியாது, கழுத்துக்குப் பின்னால் தடவித்தான் போட வேண்டும். குடத்துக்குக் கூந்தலா இருக்கிறது?

"சிஸ்டர், நீங்க செத்த இங்கன உக்காருங்களேன். உங்க கழுத்துல கட்டிப் பாத்தாத்தான் எனக்குப் பிடிபடும்" என்றார். கள்ளம் ஒன்றும் இல்லை அவர் மனதில். விமானத்தைப் பற்றிப் பேசுவது போலத்தான் கேட்டார்.

என் கால் அவர் காட்டிய மணைப் பக்கம் ஒரு எட்டு எடுத்துவைத்துவிட்டது. எனக்குத் தெரியும், ஆச்சிக்கும் தெரிந்தது.

"சீ, வாயைக் கழுவுலே. கல்யாணமாகாத பிள்ளை கழுத்துக்கு நூலைக் கொண்டு போவாங்களா? எவளுக்குப் போட்டாலும் அது விளையாட்டு இல்ல" என்றாள் ஆச்சி. பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "தென்னந்தோப்புல போய்க் கொஞ்சம் நின்னுட்டு வா தாயி" என்றாள். போய் நின்றுவிட்டு வந்தேன்.

குடத்துக்கு ஒரு மாலையைச் சுற்றி, மேலே ஈரத்துணியைப் போட்டு மூடி, அவர் கண்ணைக் கட்டினேன். துணிக்கு அடியில் விரலை விட்டுப் போடச் சொன்னேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நூலைத் தேடிக் கண்டுபிடித்து இறுக்கின. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மூன்று முடிச்சும் நின்றன.

கல்யாணத்தன்று பெண்கள் பக்கத்தில் ஒரு தூணோரம் நின்றேன். பெண் நல்ல அழகு, தலையைக் குனிந்து இருந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் அட்சதை போட்டார்கள், நான் விரல்களைப் பார்த்தேன். மாலைக்குள் போய் மறைந்தன. ஒரு முடிச்சு. தோள் அசைவிலேயே எனக்குத் தெரியும். இரண்டு. மூன்றாவதில் நூல் நழுவியது, பெருவிரல் திரும்பத் தேடிப் பிடித்து இறுக்கியது. ஆச்சி பிள்ளையைப் பார்க்கவில்லை, கூட்டத்தில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை வெளியே எடுத்ததும் அவர் நிமிர்ந்து கூட்டத்தில் தேடினார். பயிற்சி முடிந்தால் சரிதானா என்று நர்ஸின் முகத்தைப் பார்ப்பது நோயாளிகளின் பழக்கம், அவரை அறியாமல் செய்தது அது. தூணோரத்தில் என்னைக் கண்டுபிடித்தார். சரி என்று தலையசைத்தேன். அதன்பிறகுதான் அவர் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார்.